சூசையிடமிருந்து காலை வணக்கம்

புலனாய்வுச் செய்தியாளர் வேலை என்பது, நம்மை உள்ளே கூப்பிட விரும்பாத வீட்டின் வாசலில், செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே நிற்கிற வேலை. மக்கள்தொகைக் கணக்கெடுக்கப் போகிறவர்கள், இன்சூரன்ஸ் பாலிசி விற்கப் போகிறவர்கள், தவணை வசூலுக்குப் போகிறவர்கள் எல்லாரும் எனக்குச் சொந்தக்காரர்கள் மாதிரி. முகத்துக்கு நேரே கதவு சாத்தப்படும் சத்தம் நமக்கெல்லாம் ஒன்றுதான்.

எனக்குக் கூடுதலாக ஒரு சங்கடம் உண்டு. நான் வேலை பார்ப்பது லாப நோக்கமில்லாத செய்தி நிறுவனம். வாசகர்கள் கொடுக்கும் நன்கொடையில், தமிழ்நாட்டுச் சங்கதிகளை மட்டும் தோண்டித் துருவி இணையத்தில் வெளியிடுகிறோம். சென்னையில் ஆசிரியர், தெற்கே நான். என் ஊர் விளாத்திகுளம். சுற்றிலும் கரிசல், குளிக்கவே தண்ணீர் தட்டுப்பாடு. "அதுவும் தூத்துக்குடி மாவட்டம்தானே, கடல் உங்களுக்குப் பழகியிருக்குமே" என்று சொல்லி ஆசிரியர் என்னைத் துறைமுகத்துப் பக்கம் தள்ளிவிட்டார். அங்கே சூசை என்ற மனிதரைத் தேடி அலைந்தபோது நடந்தவற்றைச் சொல்கிறேன். இரவில் தனியாகப் படிக்காதீர்கள் என்று எச்சரிக்கையெல்லாம் தரப்போவதில்லை. எல்லாமே பட்டப்பகலில் நடந்தவை.

எந்த டிவி?

துறைமுகச் சாலையில் நிலக்கரி லாரிகள் வரிசை கட்டி நிற்கும் இடத்தில் ஒரு டீக்கடை. கப்பலின் அடிப்பாகத்தில் ஒட்டிக்கொள்ளும் பாசியையும் சிப்பியையும் சுரண்ட ஆள் வைத்திருக்கும் ஒப்பந்த நிறுவனம் எங்கே இருக்கிறது என்று கடைக்கார அண்ணாச்சியிடம் கேட்டேன். அவர் வழி சொல்வதற்கு முன்னால் என்னை விசாரித்தார். எந்த டிவி? டிவி இல்லை. அப்போ பேப்பரா? பேப்பரும் இல்லை. எந்தக் கட்சிக்காரர் நடத்துகிறார்? கட்சியும் இல்லை. விளம்பரம் உண்டா? அதுவும் கிடையாது.

நன்கொடை, இணையதளம், பொதுநலன் என்று நான் மூச்சுவிடாமல் விளக்கினேன். நின்றுகொண்டிருந்த லாரி டிரைவர்கள் எல்லாரும் டீயைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்கள். இந்த விளக்கத்தைப் போகிற இடமெல்லாம் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். அண்ணாச்சி கண்ணாடித் தம்ளரைக் கழுவிக் கவிழ்த்தார். அப்புறம் கவலையோடு கேட்டார்:

"பேப்பரும் இல்ல, டிவியும் இல்லன்னா, நீங்க நெசமாவே இருக்கீயளான்னு நாங்க எப்படிம்மா தெரிஞ்சுக்கிடுதது?"

ரோஜாப்பூவும் சூரியனும்

எங்கள் அலுவலகத்துக்குப் போன் போட்டுக் கூப்பிட்டவள் ரெஜினா. கதவு திறந்திருந்த ஒரே வீடு அவளுடையதுதான். அவள் கணவர் சூசை, கடலடியில் மூழ்கிச் சங்கு எடுக்கும் சங்கு குளிப்பவர். சங்கு கிடைக்காத மாதங்களில், வெளியே நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல்களின் அடியைச் சுரண்ட அந்த ஒப்பந்தக்காரரிடம் போவார். ஒரு நாள் போனவர் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. "அன்றைக்குச் சூசை வேலைக்கே வரவில்லை, வளைகுடா நாட்டுக்கு ஓடிப்போயிருப்பார்" என்று நிறுவனம் சொல்லிவிட்டது. காவல் நிலையத்தில் அவர் காணாமல் போனவர். மாதா கோயிலிலும் பங்குச் சாமியார் இறந்தவருக்கான பூசை வைக்கத் தயங்கினார். ஏனென்றால் சூசையின் போனிலிருந்து தினமும் காலையில் செய்தி வந்துகொண்டிருந்தது.

அதைப் பார்க்கும்போது நானும் அங்கே இருந்தேன். ரெஜினாவின் போன் சத்தம் போட்டது. திரையில் சூசையின் சிரித்த முகம். கீழே ரோஜாப்பூ, உதிக்கும் சூரியன், 'இனிய காலை வணக்கம்'. நான் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். ரெஜினாவோ படத்தை ஒரு நிமிடம் பார்த்தாள், பெருமூச்சு விட்டாள், போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பிள்ளைகளுக்குத் தோசை ஊற்றப் போய்விட்டாள். "உயிரோட இருக்கிற ஆளை எப்படிம்மா செத்ததா எழுதுறது?" என்று போலீஸ்காரர்கள் இதைக் காட்டித்தான் திருப்பி அனுப்பினார்களாம். "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டேன். தோசையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே சொன்னாள்:

"அவியளக் கொண்டாங்கன்னு கேக்கலக்கா, உள்ள போனாவ, மேல வரலன்னு கூட இருந்த ஒரு ஆளு வாயத் தொறந்து சொன்னாப் போதும்."

மச்சான் பிடிக்கிற கயிறு

கூட இருந்த ஆள் யார் என்று மீனவர்கள் குடியிருக்கும் திரேஸ்புரம் கரையில் விசாரித்தேன். சூசையோடு சங்குக்குப் போகும் பிச்சையா, படகில் உட்கார்ந்து கம்ப்ரசரின் பெல்ட்டை மாட்டிக்கொண்டிருந்தார். இப்போது அந்தக் கம்ப்ரசரிலிருந்து வரும் காற்றுக் குழாயை வாயில் கவ்விக்கொண்டுதான் இறங்குகிறார்கள். அந்தக் காலத்தில் மூச்சை அடக்கி, இடுப்பில் கயிறு கட்டி இறங்கினார்கள். கயிறானாலும் குழாயானாலும் மேலே ஒருவன் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். கீழே இருப்பவன் ஒருமுறை இழுத்தால் தளர்த்திவிட வேண்டும், இரண்டுமுறை இழுத்தால் மேலே தூக்க வேண்டும். அதைப் பிடிப்பவன் இறங்குகிறவனின் மச்சானாக இருக்க வேண்டும் என்பது இந்தக் கரையின் வழக்கம். அண்ணன் தம்பி கூடாதா என்று கேட்டேன். "கூடப்பொறந்தவன் சொத்துத் தகராறுல விட்டாலும் விட்டுருவான் மேடம். மச்சான் விடமாட்டான். அது அவன் அக்கா தாலில்லா" என்றார்.

ரெஜினாவின் தம்பி மிக்கேல்தான் எப்போதும் சூசைக்குப் பிடிப்பவன். சூசை போன அன்றிலிருந்து அவனையும் காணோம். பேசிக்கொண்டிருக்கும்போதே பிச்சையா தன் போனை எடுத்துக் காட்டினார். அவருக்கும் ரோஜாப்பூ. சூசை தெரிந்தவர்களுக்கெல்லாம் காலை வணக்கம் அனுப்பும் பழக்கமுள்ளவராம். இன்னும் கரை முழுக்க வருகிறதாம். சிலர் பதிலும் போடுகிறார்களாம். பிச்சையா மட்டும் பதில் போடாமல், படம் வரும்போதெல்லாம் நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்வாராம். 'ஒருவேளை சூசை தனியாகத்தான் போனாரோ?' என்று கேட்டேன். பெல்ட்டைக் கீழே போட்டுவிட்டுச் சொன்னார்:

"மச்சான் இல்லாமத் தண்ணிக்குள்ள எறங்குனான்னா, அது சூசையே இல்ல மேடம்."

மீன் கடையில் பார்த்தவர்

காயல்பட்டினத்தில், வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த ஒருவர் அந்த நாட்டு மீன் கடை ஒன்றில் சூசையைப் பார்த்ததாகக் கேள்விப்பட்டுப் போனேன். அருமையான மனிதர். டீயும் தம்மடை என்கிற ரவைப் பலகாரமும் வைத்து உபசரித்தார். சூசை சங்கு குளித்த நாட்களிலிருந்தே பழக்கம் என்றும், கடையில் மீன் வெட்டிக்கொண்டிருந்தவர் தன்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார் என்றும் சொன்னார். குரலில் பொய் சொல்பவரின் வழுக்கல் எதுவும் இல்லை. அவர் சொல்லச் சொல்ல, எனக்கே அந்தக் குனிந்த தலை கண்ணில் தெரிய ஆரம்பித்துவிட்டது.

எங்கள் தொழிலில் ஒரு கெட்ட புத்தி உண்டு. போனில் ஒரு படத்தை எடுத்து, "இவர்தானே?" என்று நீட்டினேன். "இவருதான்! கொஞ்சம் மெலிஞ்சு போயிருந்தாரு" என்றார். அது எங்கள் ஆசிரியரின் படம். மெரினாவில் முழங்கால் அளவுத் தண்ணீரில் நிற்கவே பயப்படுகிறவர். நான் உண்மையைச் சொன்னதும் மனிதர் திகைத்துப்போனார். ஒப்பந்த நிறுவனத்தில் வேலை பார்க்கும் தெரிந்தவர் ஒருவர், 'அங்கே உள்ள நம்ம ஆட்கள் எல்லாரும் சூசையைப் பார்க்கிறார்களாமே' என்று கேட்டாராம். அதற்கப்புறம்தான் இவருக்கு ஞாபகம் வந்ததாம். வாசல்வரை வந்து, மெதுவாகச் சொன்னார்:

"எல்லாரும் பாத்தேன் பாத்தேங்கும்போது, நான் மட்டும் பாக்கலன்னு எப்படிம்மா சொல்ல முடியும்? எனக்கு நெசமாவே பாத்த மாதிரித்தான் இருக்கு."

மறுதரப்பு விளக்கம்

எங்கள் நிறுவனத்தில் ஒரு கண்டிப்பான விதி. செய்தியில் யார் பெயர் வந்தாலும் அவரிடம் விளக்கம் கேட்க வேண்டும். சூசையின் பெயர் வருகிறது, அவருடைய எண் வேலை செய்கிறது. ஆகவே துறைமுகச் சாலையில் ஒரு வேப்பமரத்தடியில் நின்று அவருக்கே செய்தி அனுப்பினேன். நான் இன்னார், உங்கள் மனைவி உங்களைத் தேடுகிறார், நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்?

இரண்டு டிக்கும் நீலமாயின. 'டைப்பிங்' என்று வந்தது. நின்றது. மறுபடி வந்தது. அந்தப் பக்கம் ஒரு விரல் எழுத்துகளைத் தேடித் தடவுவது எனக்குத் தெரிந்தது. பதில் மட்டும் வரவில்லை. மறுநாள் காலை பல் துலக்கிக்கொண்டிருக்கும்போது வந்தது: ரோஜாப்பூ, சூரியன், இனிய காலை வணக்கம். சூசை என்னையும் சேர்த்துக்கொண்டுவிட்டார். வாயில் நுரையோடு சென்னைக்குப் போன் போட்டு, செத்தவர் எனக்குப் பதில் போட்டிருக்கிறார் என்று கத்தினேன். ஆசிரியர் கொஞ்சமும் பதறாமல் கேட்டார்:

"அப்படியா? அதை ஆன் ரெக்கார்டா எடுத்துக்கலாமான்னு அவர்கிட்டயே கேட்டுடுங்களேன்."

குப்புறக் கிடந்த போன்

அதே விதிப்படி ஒப்பந்த நிறுவனத்தின் சூப்பர்வைசரையும் பார்த்தேன். குளிர்சாதன அறை, குளிர்ந்த மோர், நல்ல சிரிப்பு. நான் கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டேன். அன்றைக்குச் சூசை வந்தாரா? வரவில்லை. மிக்கேல்? அப்படி ஒரு ஆளையே தெரியாது. கடைசியில் அவர் மேசைமேல் குப்புறக் கிடந்த தன் போனை விரல் நுனியால் என் பக்கம் தள்ளினார். நிமிர்த்திப் பார்த்தேன். வரிசையாக ரோஜாப்பூக்கள். "எனக்கும்தான் தெனமும் வருது. செத்தவன் அனுப்புவானா, நீங்களே சொல்லுங்க" என்று சிரித்தார். நான் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்த நேரமெல்லாம் அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். திருப்பிக் கொடுத்ததும் மறுபடி குப்புறவே வைத்தார்.

வேலை முடிந்தது என்று கேட்டைத் தாண்டும்போது பின்னால் செருப்புச் சத்தம். சூப்பர்வைசர் ஓட்டமும் நடையுமாக வந்தார். வெயிலில் பார்க்கும்போதுதான் அவர் எத்தனை நாளாகத் தூங்காதவர் என்பது தெரிந்தது. வாட்ச்மேனுக்குக் கேட்காத குரலில் கேட்டார்:

"மேடம், அது ஆரு அனுப்புதான்னு தெரிஞ்சா, எனக்கு மட்டும் ஒரு வார்த்தை சொல்லுவீங்களா?"

பனைக்குப் பின்னால் சூரியன்

அந்தக் கேள்வி எனக்கு இரண்டு விஷயங்களைச் சொல்லிவிட்டது. சூசை உயிரோடு இல்லை என்பது இவருக்குத் தெரியும். அனுப்புகிறவர் யார் என்பது தெரியாது. அப்படியானால் வேறு யாரிடமோ சூசையின் போன் இருக்கிறது. சில நாள் கழித்து வந்த காலை வணக்கத்தில் வழக்கமான ரோஜாப்பூ இல்லை, யாரோ கையால் எடுத்த படம். அதில் தேரி என்கிற செம்மணல் மேடு, பனைமரங்கள், அவற்றுக்குப் பின்னால் சூரியன். தூத்துக்குடிக் கரைக்காரர்களுக்குச் சூரியன் கடலுக்குள்ளிருந்துதான் எழும்பும். இது கருப்பட்டிக்குப் பேர்போன உடன்குடிப் பக்கத்துச் சூரியன். கருப்பட்டி மண்டிகளில் போய், தூத்துக்குடியிலிருந்து புதிதாக வந்தவர் யாராவது உண்டா என்று கேட்டேன். "உண்டு. கடல்பக்கம் தலைவச்சும் படுக்கமாட்டான்" என்று ஒரு கடைக்காரர் பின்கட்டைக் காட்டினார்.

ஓலைப்பெட்டிகளில் கருப்பட்டி அடுக்கிக்கொண்டிருந்தான் மிக்கேல். என்னைப் பார்த்ததும் ஓடவில்லை. உட்கார்ந்துவிட்டான். "மச்சான் போன்தான மேடம்?" என்று, பிளாஸ்டிக் உறையில் சுற்றிய போனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். சூசை இறங்குவதற்கு முன் போனை அவன் கையில்தான் கொடுப்பாராம், அது சூப்பர்வைசருக்குத் தெரியாதாம். அன்று கப்பலுக்கு அடியில் போனார். கீழே ஆள் இருக்கும்போது கப்பலில் எஞ்சின், பம்ப் எதையும் ஓடவிடக் கூடாது. மேலே யாரோ எதையோ ஓடவிட்டார்கள். படகு அதிர்ந்தது. "டியூப் ஒரு இழுப்பு இழுத்துச்சு. ஒண்ணுன்னா தளத்தணும், தளத்துனேன். ரெண்டாவது இழுப்புக்குத்தான் காத்திருந்தேன். அது வரவே இல்ல. டியூப் லேசாயிருச்சு." அவன் சொல்லும்போது அவனுடைய வலது கை மூடியிருந்தது. நடுநடுவே கொஞ்சம் திறந்து, எதையோ தளர்த்திவிட்டு, மறுபடி மூடிக்கொண்டது. அவனுக்கு அது தெரியவில்லை. எனக்கு அழுகை வந்தது, அதைவிடப் பயம் வந்தது. 'குழாய் பிடித்தவன் நீதான், வாயைத் திறந்தால் உன்மேல்தான் கேஸ் வரும்' என்று சூப்பர்வைசர் அவனை மிரட்டி ஊரைவிட்டு அனுப்பியிருக்கிறார்.

மறுநாள் விடியற்காலையில் மச்சானின் போனில் அலாரம் அடித்ததாம். மச்சான் எழுந்து எல்லாருக்கும் காலை வணக்கம் அனுப்புகிற நேரம். இவன் ஒரு பூவை எடுத்து, இருந்த பெயர்களுக்கெல்லாம் அனுப்பினான். அக்காவுக்கும் அனுப்பினான். நீல டிக் வந்தது. அக்கா பார்த்துவிட்டாள், மச்சான் இருக்கிறார் என்று நம்பிவிட்டாள், அன்றைக்கு அக்காவின் தாலி நிலைத்தது. இவ்வளவுதான் அவன் கணக்கு. தான் அனுப்பும் பூவைக் காட்டித்தான் அக்காவை எல்லா வாசலிலும் திருப்பி அனுப்புகிறார்கள் என்பது அவனுக்கு நான் சொல்லித்தான் தெரிந்தது. போனைத் திறந்து காட்டினான். கரைக்காரர்களின் வணக்கங்களுக்கு நடுவே சூப்பர்வைசர் அனுப்பிவிட்டு, எனக்குக் காட்டுமுன் தன் போனில் அழித்துவிட்டவை: 'யாருலே நீ', 'சூசை போன் யாருகிட்ட இருக்கு', 'சொல்லித் தொலை'. ஆள் உயிரோடு இருப்பதாக நம்புகிறவன் இப்படிக் கேட்பானா? எனக்கு வேண்டிய ஆதாரம் அதுதான். ஆனால் அந்த நேரத்தில் அதைப் படம் எடுக்க எனக்குக் கை வரவில்லை. மிக்கேல் மூடிய கையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்:

"நான் விட்டுட்டேன்னு எல்லாரும் நெனைப்பாவ. நான் இன்னும் விடல மேடம்."

திரும்ப வாசித்துக் காட்டுவது

எங்கள் நிறுவனத்தின் இன்னொரு விதி இது. ஒருவர் சொன்னதை வெளியிடுமுன் அவருக்கே திரும்ப வாசித்துக் காட்ட வேண்டும். மிக்கேலுக்கு வாசித்தேன். எல்லாம் சரி என்றான். பெயர் போடவும் சம்மதித்தான். ஆனால் முதலில் அக்காவுக்கு வாசிக்க வேண்டும், அக்கா வேண்டாம் என்றால் எழுதக் கூடாது என்றான். அவள் கேட்டது ஒரே ஒரு வாய். அந்த வாய் அவள் தம்பியுடையது என்று நான் போய்ச் சொல்ல வேண்டும். தவணை வசூல் நண்பர்களே, உங்கள் வேலை எவ்வளவோ தேவலை.

ரெஜினா துணி மடித்துக்கொண்டே கேட்டாள். கப்பல் அதிர்ந்த இடம் வந்ததும் மடிப்பதை நிறுத்தினாள். ஒரு இழுப்பு, தளர்த்தியது, லேசானது. கண்ணை மூடிக்கொண்டாள். சத்தமே இல்லாமல் உடம்பு மட்டும் குலுங்கியது. அடுத்து காலை வணக்கம் வரும் இடம். எனக்கு வாசிக்க வரவில்லை. தொண்டையைச் செருமினேன், தண்ணீர் கேட்டேன், கண்ணாடியைத் துடைத்தேன். அவள் என் கையிலிருந்த தாளை மெல்லக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்:

"அது மிக்கேல்னு மொத நாளே தெரியும்க்கா. அவிய ஊருக்கெல்லாம் அனுப்புவாவ, எனக்கு மட்டும் அனுப்பவே மாட்டாவ. காலையில பக்கத்துலதான படுத்திருப்பாவ! தம்பியாவது உசுரோட இருக்கானேன்னு தெரிஞ்சுக்கிடத்தான் நான் தெனமும் பாத்தேன். எழுதுங்க. அவன வீட்டுக்கு வரச் சொல்லுங்க."

செய்தி வெளியானது. மிக்கேல் அக்காவோடு காவல் நிலையம் போய்ச் சொன்னான். சூசைக்குப் பூசை நடந்தது, கரையே வந்திருந்தது. ஒப்பந்த நிறுவனத்திடமிருந்து எங்களுக்கு வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. ஆசிரியர் அதற்கும் விதிப்படி விளக்கம் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

ஒரு மனிதர் உயிரோடு இருக்கிறார் என்று ஊரை நம்பவைக்க ஒரு ரோஜாப்பூப் படம் போதும், அவர் செத்துப்போனார் என்று நம்பவைக்கத்தான் நன்கொடை வசூலித்து என்னைப் போல் ஒருத்தியை வெயிலில் அலையவிட வேண்டியிருக்கிறது.